கணுக்காலில் ஒரு கீறல்

786
தண்டையார்பேட்டை
24-10-1954

பிரியமுள்ள மச்சானுக்கு, சாபிரா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உங்கள் அக்காவும் இங்கே சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதினால்தானே எனக்குத் தெரியும்? நீ இங்கே வரப் பர்மிட்டு கிடைத்துவிட்டது, ஜனவரிக் கப்பலில் இடம் பிடித்தாயிற்று என்று இரண்டு வரி, அதோடு வஸ்ஸலாம். துணிக்கடையில் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷர், பெண்டாட்டிக்கு எழுதும்போது மட்டும் தந்தி அடிக்கிறீர்கள். ஆனாலும் அந்த இரண்டு வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று அக்காவைக் கேளுங்கள். "இன்னாடி, குரானா ஓதறே" என்று கேலி செய்துவிட்டார்.

கல்யாணமாகி ஒரே ஒரு மழைக்காலம்தான் நாம் ஒரு கூரையின் கீழ் இருந்தோம். நீங்கள் இல்லாமல் இது மூன்றாவது மழை. தெருவெல்லாம் தண்ணீர். குழாயிலும் கலங்கலாகத்தான் வருகிறது. காய்ச்சிக் குடிக்கச் சொல்லிக் கார்ப்பரேஷன் ஆட்கள் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். விறகு முழுக்க ஈரம், எங்கே காய்ச்சுவது?

அங்கே முருங்கைக்கீரை கிடைக்குமா? உங்கள் அறையில் அடுப்பு வைக்க இடம் உண்டா? இதற்காவது கொஞ்சம் நீட்டி எழுதுங்கள்.

உங்கள்
சாபிரா


பினாங்கு
6-11-1954

அன்பு சாபிராவுக்கு, சௌக்கத் அலி எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

நீட்டி எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். சூலியா தெருவில் கடைக்கு மேலேயே அறை கிடைத்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் தெருவில் சைக்கிள் ரிக்ஷாக்கள் போவது தெரியும். அடுப்புக்குப் பின்கட்டில் இடம் இருக்கிறது. முருங்கைக்கீரை கிடைக்கும், நம் ஊர்க்காரர் ஒருவர் கூடையில் கொண்டு வருகிறார். இரும்புக் கட்டில் ஒன்று வாங்கினேன். நீ எந்தப் பக்கம் படுப்பாய் என்று எனக்கு மறந்துபோனதால், சுவரோரம் தள்ளாமல் அறையின் நடுவில் போட்டிருக்கிறேன். இடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

ஒரு விஷயம், கவனமாகப் படி. உன் பர்மிட்டு ஜனவரியோடு முடிகிறது. இங்கே இப்போது கெடுபிடி அதிகம். இதை விட்டால் மறுபடி எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் எது வந்தாலும் இந்தக் கப்பலைத் தவறவிடாதே. காய்ச்சல், இருமல் என்று எதையும் இழுத்து வைத்துக்கொள்ளாதே. துறைமுகத்தில் டாக்டர் பார்த்த பிறகுதான் ஏற்றுவார்கள்.

அக்காவுக்கு என் ஸலாம்.

சௌக்கத் அலி


786
ஆஸ்பத்திரியிலிருந்து
29-11-1954

பிரியமுள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மேலே இருக்கிற இடத்தின் பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆபத்தைத் தாண்டிவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தண்ணீர்தான் வேலையைக் காட்டிவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் வாந்தியும் பேதியும் தொடங்கி, மதியத்துக்குள் எழுந்து நிற்க முடியாமல் போனேன். ரிக்ஷாக்காரர் மாசானம் முழங்கால் தண்ணீரில் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடினார். வழியெல்லாம் திரும்பித் திரும்பி, "அக்கா, தங்கச்சிக்கு மூச்சு கீதா பாத்துக்கோ" என்று கேட்டபடியே வந்தாராம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. அக்கா சொல்லித்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்த இரண்டு கையிலும் தேடியிருக்கிறார்கள். உடம்பில் தண்ணீரே இல்லாததால் கைநரம்பெல்லாம் ஒட்டிப்போய் அகப்படவில்லை. டாக்டர் கணுக்காலுக்கு மேலே லேசாகக் கீறி, உள்ளே நரம்பைத் தேடிப் பிடித்து, அதில் ஒரு மெல்லிய குழாயைச் சொருகி நூலால் கட்டிவிட்டார். கட்டிலுக்கு மேலே கண்ணாடிப் பாட்டில் தலைகீழாகத் தொங்கியது. அதிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காலுக்குள் இறங்கியது. பாட்டில் மாற்றி மாற்றிப் போடப் போட எனக்கு முகங்கள் தெரிய ஆரம்பித்தன. முதலில் தெரிந்தது அழுதுகொண்டிருந்த உங்கள் அக்காவின் முகம். பக்கத்துக் கட்டில்களில் இதே நோயோடு வந்தவர்களில் எல்லாரும் வீடு திரும்பவில்லை. எனக்கு அல்லாஹ் அந்தக் கீறல் வழியாக உயிரைத் திருப்பிக் கொடுத்தான் என்றுதான் நினைக்கிறேன்.

குழாயை இன்னும் எடுக்கவில்லை. வார்டில் கூட்டம் அதிகம், நர்ஸ் இன்னாசியம்மாள் ஒருவரே ஓடிக்கொண்டிருக்கிறார். மற்றபடி எனக்கு ஒன்றுமில்லை. கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கட்டிலை நடுவிலேயே போட்டு வையுங்கள்.

உங்கள்
சாபிரா


பினாங்கு
10-12-1954

என் சாபிராவுக்கு,

கடிதம் கிடைத்ததிலிருந்து கை ஓடவில்லை. நீ அங்கே சாகக் கிடந்திருக்கிறாய், நான் இங்கே யாருக்கோ சட்டைத்துணி கிழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் தாவூது பாய்க்கு ஒருமுறை இங்கே இப்படித்தான் குழாய் போட்டார்களாம். போட்ட இடம் சிவந்தாலோ, எரிந்தாலோ உடனே சொல்லிவிட வேண்டும், அதைப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்கிறார். உன் கால் எப்படி இருக்கிறது? அதை மட்டும் தனியாக எழுது.

உடம்பு தேறிவிடும். நன்றாகச் சாப்பிடு. ஜனவரி நெருங்குகிறது என்பதை நினைத்துக்கொண்டே சாப்பிடு.

சௌக்கத் அலி


786
ஆஸ்பத்திரியிலிருந்து
26-12-1954

பிரியமுள்ள மச்சானுக்கு,

தாவூது பாய் சொன்னது சரிதான். ஆனால் உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது.

போன கடிதம் எழுதியபோதே கால் எரிந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த நாள் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியது. தொட்டால் உள்ளே கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்கும் அடுத்த நாள் பல் கிட்டுகிற குளிர். என் நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. அப்போதுதான் இன்னாசியம்மாள் போர்வையை விலக்கிப் பார்த்தார். கட்டை அவிழ்த்ததும் சீழ் வந்தது. குழாயை உடனே உருவி எடுத்துவிட்டார்கள்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மா?" என்று அவர் கேட்டார். கோபம்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது. "முந்தாநேத்தே சொல்லியிருந்தா முந்தாநேத்தே எடுத்துப் போட்டிருப்பேனே. நானும் வந்து பாத்திருக்கணும். எத்தினி கட்டிலத்தான் பாக்குறது, சொல்லு."

பென்சிலின் ஊசி போட்டுக் காய்ச்சல் நின்றது. ஆனால் கால் தொடை வரைக்கும் வீங்கி, வெளுத்துப்போய், என் கால் மாதிரியே இல்லை. உள்ளே நரம்பில் ரத்தம் உறைந்துவிட்டதாம். அசைந்தால் அந்தக் கட்டி பிடுங்கிக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடுமாம், போனால் நொடியில் உயிர் போய்விடுமாம். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். தலை பள்ளத்திலும் கால் மேட்டிலுமாகக் கிடந்து, மார்பின் மேல் அட்டையை வைத்து இதை எழுதுகிறேன்.

ஜனவரிக் கப்பலைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "கப்பல் இருக்கட்டும்மா. முதல்ல கட்டிலை விட்டு எறங்கறதப் பத்திப் பேசுவோம்" என்றார்.

இனி என்ன எழுதுவது என்று தெரியவில்லை, மச்சான்.

சாபிரா


பினாங்கு
8-1-1955

என் சாபிராவுக்கு,

பர்மிட்டு ஆபீசுக்குப் போனேன். நாள் நீட்டித் தர முடியாது, புதிதாக எழுதிப் போட வேண்டும் என்றார்கள். ஒரு வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம். முதலாளி என்னைக் கல்லாவில் உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் விடுப்புக் கேட்பது சரியில்லை. அல்லாஹ் நமக்கு எழுதியது இவ்வளவுதான் போலிருக்கிறது. பொறுத்திரு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ வாயில்லாத பெண் இல்லை. முருங்கைக்கீரைக்கே என்னைக் கேள்வி கேட்டு உலுக்கியவள். கால் எரியும்போது ஏன் சொல்லவில்லை? இரண்டு நாள் போர்வைக்குள் மூடி வைத்தாயே, ஏன்?

கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டேன்.

சௌக்கத் அலி


786
தண்டையார்பேட்டை
27-1-1955

பிரியமுள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். கெண்டைக்காலில் துணி சுற்றியிருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றால்கூட வீங்கிவிடுகிறது, படுத்துக் காலை உயர்த்தினால் வடிகிறது. இப்படியே பல மாதம் இருக்கும் என்றார்கள்.

நேற்றுச் சாயங்காலம் ஹார்பர் பக்கம் கப்பல் ஊதியது. தினமும்தான் ஊதுகிறது. ஆனால் அது எந்தக் கப்பல் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவர் அடுக்களையில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகத் தேய்த்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். வெட்கம் ஒரு காரணம். டாக்டர் வாலிபர், முழங்கால் வரை காலை எப்படிக் காட்டுவது என்று கூசினேன். ஆனால் அது சின்னக் காரணம். பெரிய காரணத்தை அக்காவிடம்கூட நான் சொன்னதில்லை. வலி என்று சொன்னால் ஆஸ்பத்திரியை விட்டு விடமாட்டார்கள், துறைமுகத்து டாக்டரும் ஏற்றமாட்டார் என்று நினைத்தேன். உங்களிடம் வந்து சேர வேண்டும் என்ற ஒரே நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அதனாலேயே வந்து சேராமல் போனேன். உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருவதற்குச் சில நாள் முன்னால், பக்கத்துக் கட்டிலுக்கு வியாசர்பாடியிலிருந்து சொக்கம்மாள் என்று ஒருத்தி வந்தாள். மில் வேலைக்காரி. கையில் ஊசி குத்திப் பாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். மதியம் திரும்பிப் பார்த்தால் அவள் முழங்கை முழுக்கப் புடைத்துக்கிடக்கிறது. அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள்.

"இன்னாக்கா, கை இப்டி வீங்கிகினு கீது, வலிக்கல?" என்றேன்.

"வலிக்காம இன்னா? நர்சம்மா அந்தாண்ட கொழந்தையப் பாத்துகினு கீறாங்க. அவங்கள எதுக்குப் பேஜாரு பண்ணணும்? தானா செரியாப் பூடும்."

எழுந்து போக எனக்கு உத்தரவில்லை. அதனால் படுத்தபடியே கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, டாக்டர்கள், வார்டுபாய்கள் எல்லாரும் இருக்கக் கத்தினேன். இன்னாசியம்மாள் ஓடி வந்து ஊசியைப் பிடுங்கினார். அது நரம்பை விட்டு விலகி, தண்ணீரெல்லாம் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்ததாம். ஈரத்துணி சுற்றி, அடுத்த கையில் வேறு ஊசி போட்டார்கள். மறுநாள் சொக்கம்மாள் அந்தக் கைவிரல்களை மடக்கி நீட்டி எனக்குக் காட்டினாள். "ஒன் தொண்டைக்கு நூறு வயசு தாயீ" என்றாள்.

யாரோ ஒருத்திக்காக அப்படிக் கத்தினேன். எனக்காக ஒரு வார்த்தை எழுத இவ்வளவு நாள் ஆகிறது. எழுதிவிடுகிறேன். நீங்கள் இல்லாமல் எனக்கு முடியவில்லை, மச்சான். இன்னொரு வருடம், அப்புறம் இன்னொன்று என்று என்னால் இருக்க முடியாது. நான் கப்பல் ஏற முடியாது. நீங்கள் ஏறலாம். வாருங்கள். வர முடியாதென்றால் அதையும் நேராக எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன். பொறுத்திரு என்று மட்டும் எழுதாதீர்கள்.

சாபிரா


பினாங்கு
14-2-1955

என் சாபிராவுக்கு, உன் சௌக்கத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்துவிட்டேன். எது வந்தாலும் கப்பலைத் தவறவிடாதே என்று எழுதிய கை என்னுடையது. நீ குற்றம் சொல்லவில்லை என்கிறாய், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எதிரே நின்ற வாடிக்கைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டும் எனக்குக் காது கேட்கவில்லை என்று தாவூது பாய் சொன்னார்.

நேராக முதலாளியிடம் போனேன். "கல்லா கொடுக்கறேன்னு சொல்றேன், ஊருக்குப் போறேங்கிறியே, என்ன அவசரம்?" என்றார். ஏதோ ஒரு பொய்க்காரணம் வாய் வரை வந்தது. பிறகு, "பெண்டாட்டி வரச் சொல்றா" என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள், கூசத்தான் செய்தது. முதலாளி கணக்கு நோட்டை மூடி வைத்தார். அவரும் நாகூரில் ஒருத்தியை விட்டுவிட்டு வந்தவர். "என்னை அப்படி யாரும் கூப்பிடலை. இல்லாட்டி நான்தான் காதுல வாங்கலையோ என்னவோ. போ" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்கு வந்துவிட்டால் எனக்கும் இங்கே மறுபடி கதவு திறக்குமோ திறக்காதோ. அதைப் பற்றி இப்போது யோசிக்கவில்லை. துணி அளக்கத் தெரிந்தவனுக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு கடை கிடைக்காமலா போய்விடும்? கிடைக்காவிட்டால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கவலைப்படுவோம்.

அடுத்த கப்பலில் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால் இதைக் கேட்டுக்கொள். துறைமுகத்துக்கு வராதே. கப்பல் எப்போது கரையில் கட்டும், சுங்கத்தில் எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது. அவ்வளவு நேரம் நீ நிற்கக் கூடாது. வீட்டிலேயே காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திரு. வாசலில் யார் சத்தம் கொடுத்தாலும் எழுந்து ஓடி வராதே. அக்காவிடம் சொல்லிக் கதவைத் தாழிடாமல் வைக்கச் சொல். நானே திறந்துகொண்டு வருகிறேன்.

சௌக்கத்