பரிசுப் பட்டியலில் ஐந்து பேர்

டிசம்பர் 2
ஆஸ்பத்திரியில் மூன்றாவது லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. சரிசெய்துவிட்டு, கிரீஸ் கையோடு போனைப் பார்த்தால் குடும்பக் குழுவில் அண்ணியின் செய்தி. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்க விதிமுறைகளாம். ஒரு பிள்ளைக்கு ஒரே பரிசு. யார் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கல். சத்தம் போடும் பொம்மை கூடாது. எல்லாம் சரிதான். கீழே பெயர்கள்: அண்ணன் பிள்ளைகள் மூவர், தங்கை பிள்ளைகள் இருவர். ஐந்து.

எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே! என் மனைவியின் முதல் கல்யாணத்து மகள் என்றால் பிள்ளை இல்லையா? பத்து வயது. இரண்டரை வருஷமாக என் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறவள். இந்த வருஷம்தான் முதல்முறையாகக் கிறிஸ்துமஸுக்கு எங்களோடு இருக்கப்போகிறாள்.

டிசம்பர் 3
அம்மாவுக்குப் போன் செய்தேன். “அவளுக்கு அவங்க அப்பா வீட்டு ஆளுங்க வாங்கித் தருவாங்கல்ல? ஒரு பொம்மைக்கா இந்தக் குதி குதிக்கிற?” என்றாள்.

பொம்மையா? நான் பொம்மையைப் பற்றியா பேசினேன்? பாதியிலேயே வைத்துவிட்டேன். சே, என்ன ஜனங்கள்!

டிசம்பர் 5
வேலையில் உதவியாளிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். நாளை அண்ணன் வீட்டுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் வரப்போவதில்லை.

டிசம்பர் 6
கேட்டேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “யார் பிள்ளை, யார் பிள்ளை இல்லைன்னு முடிவு பண்ண நீங்க யாரு?”

அண்ணி யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கத்தவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனில் பழைய செய்திகளைத் தேடி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். “படிங்க தம்பி. சத்தமாப் படிங்க.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நவம்பரில், அண்ணிக்கு நான் அனுப்பியது. ‘நம்ம பிள்ளைங்க அஞ்சு பேர்தான் அண்ணி. இவளை அவங்க அப்பா வீட்டு ஆளுங்க பாத்துக்குவாங்க.’

“நீங்க குடுத்த பட்டியல்தான். நான் அப்படியே எடுத்துப் போட்டேன்.”

செருப்போடு நின்ற மாதிரியே திரும்பி வந்தேன்.

டிசம்பர் 7
எப்படி எழுதினேன்? நினைவே இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

டிசம்பர் 8
மனைவியிடம் சொன்னேன். தெரியாததைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு! அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“அன்னைக்கே உங்க போன்ல பாத்துட்டேன். அதனாலதான் ரெண்டு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு அவளை அவங்க அப்பா வீட்டுக்கு அனுப்பினேன். இந்த வருஷம் அவளே போகமாட்டேன்னுட்டா.”

“ஏன் என்னைக் கேக்கல?”

“என்னன்னு கேக்கறது? என் பொண்ணையும் சேத்துக்கோங்கன்னு பிச்சை கேக்கவா?”

ஆறு நாளாக ஊரையே திட்டினேனே! திட்ட வேண்டிய ஆள் தினமும் கண்ணாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 9
குழுவில் எழுதிவிட்டேன். ‘பட்டியலில் தப்பு அண்ணியுடையது இல்லை, என்னுடையது. பிள்ளைகள் ஆறு பேர்.’ பூசி மெழுகவில்லை. அம்மாவிடமிருந்து பதில் இல்லை. தங்கை ‘சரிண்ணா’ என்றாள். அண்ணி ஒரே வரி: ‘ஆறு சீட்டு எழுதியாச்சு.’ அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

டிசம்பர் 14
கேட்டேன். “முதல்ல செருப்பைக் கழட்டிட்டு வாங்க” என்றார்.

டிசம்பர் 25
எல்லோரும் எங்கள் வீட்டில்தான். அண்ணனின் நடுப்பையன் கையில்தான் எங்கள் பெண்ணின் சீட்டு விழுந்திருந்தது. அவன் வாங்கியது வண்ணப் பென்சில். யார் என்ன கொடுத்தாலும் தலையைக் குனிந்து ‘தேங்க்ஸ்’ என்று மட்டும் சொல்லும் பெண் இவள். பிரித்துப் பார்த்தாள்.

“டேய், இதுல பச்சையே காணோம்! நீதான எடுத்த?”

“நான் எடுக்கலடி!”

துரத்திக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். ஏதோ உடைகிற சத்தம். “ஏழு கழுதை வயசாகியும் புத்தியில்ல, இறங்குங்க ரெண்டு பேரும்!” என்று அம்மா கீழேயிருந்து கத்தினாள். இரண்டு பேரையும் ஒரே குரலில் திட்டினாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.