வீட்டில் எல்லோரும் சுகம்

புரட்டாசி 3, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லை. குழாயில் இன்றும் தண்ணீர் வரவில்லை, வண்டித் தண்ணீர் எட்டுக் குடம்.

கிராமத்துச் சனம் விதையை வீட்டில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறது. கடையில் கூட்டமில்லை. கூட்டமில்லாத நாளிலும் இவர் கல்லாவை விட்டு நகர்ந்தால்தானே. துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். கடையில் கூட நிற்கும் மாரியப்பன், என் சித்தி மகன், தாங்கிப் பிடித்தான். இல்லாவிட்டால் மண்டை போயிருக்கும்.

டாக்டரிடம் போனோம். பிரஷர் எக்கச்சக்கம். மாத்திரை இரண்டு விதம். ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. மதியம் தூங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.

"வாரம் ஒரு நா கடய அடைச்சா ஊரு என்ன பேசும் சார்?" என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க எடுத்துச் சொல்லுங்கம்மா" என்றார். நான் சொல்லி இவர் எந்தக் காலத்தில் கேட்டார்.

மாமனார் செத்ததற்கு அடைத்தது. மாமியார் செத்ததற்கு அடைத்தது. அவ்வளவுதான். எங்கள் கல்யாணத்தன்றே தாலி கட்டின கையோடு போய்க் கடை திறந்தவர்.

புரட்டாசி 5, சனி

காற்று. ஒரே புழுதி. சொன்னேன், சண்டை போட்டேன், கடைசியில் அழுதேன். அழுததற்குத்தான் பலன்.

"சரிட்டி, அழாத. நாளைக்கு அடைச்சுப் போடுதேன்."

நம்பவில்லை. பார்ப்போம்.

புரட்டாசி 6, ஞாயிறு

அடைத்துவிட்டார்! ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குப் பத்தடி நடந்து வந்தார். ஏதோ ஜெயிலுக்குப் போகிறவர் மாதிரி. கட்டிலில் மல்லாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு கரண்ட் போய்விட்டது.

அவருக்கு ஓய்வு. எனக்கு? காபி மூன்று தடவை. சட்னியில் உப்பில்லை, வாசலில் அழுக்கு, கொடியில் துணி ஏன் இன்னும் கிடக்கிறது. இத்தனை வருஷமாகக் கடைக்குள் இருந்தவருக்கு வீட்டில் இருக்கும் குறையெல்லாம் இன்றுதான் கண்ணில் பட்டது.

முதல் பஸ்ஸில் எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து பேச்சியம்மாள், கூட நாலு பெண்கள். எங்கள் பழைய வாடிக்கை. சாமான் வாங்க வந்தவர்கள் ஷட்டர் இறங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். வேறு என்ன நினைப்பார்கள்? சந்து முனையிலேயே தலைமுடியை அவிழ்த்து விட்டுக்கொண்டு,

"எய்யா மகராசா! இனி எங்களுக்கு யாரு அளந்து போடுவா!"

இவர் துண்டோடு எட்டிப் பார்த்தார். பேச்சியம்மாளுக்குப் பாதி அழுகை தொண்டையிலேயே நின்றுவிட்டது. "அப்போ யாரு, மதினியா போயிட்டாவ?" என்று கேட்டாள். நான் பின்னாலிருந்து தலையை நீட்டினேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் சிரிக்கவில்லை.

அடுத்து டீக்கடைக்காரர் வந்து, "எத்தன மணிக்கு எடுக்காவ?" என்று மாரியப்பனிடம் ரகசியமாக. அதற்கடுத்து, பக்கத்துத் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. எங்களுக்குப் போட்டிக் கடை. கையில் மாலை. இவரைக் கண்டதும் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "ஷட்டர் எறங்கிக் கெடந்துச்சு, அதான் அண்ணாச்சி..."

மாலையை வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல பிச்சிப்பூ. கேதத்துக்கு வாங்கினதைச் சாமிக்குப் போட முடியுமா? தூக்கி எறியவும் மனசில்லை. துணி துவைக்கிற கல்லில் கிடக்கிறது.

சாயங்காலம் இவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "பாத்தியா. ஓய்வா இருந்தா செத்ததுக்குச் சமானம்."

அதைக் கேட்டபின் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

புரட்டாசி 9, புதன்

உளுந்து ஊற வைக்க மறந்தேன். மாலை கருகிவிட்டது. குப்பையில் போட்டேன், மனசு என்னவோ போலிருந்தது.

இனி அடைக்கவே மாட்டேன் என்கிறார். காலையில் காபி டம்ளர் இவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. நான்தான் யோசனை சொன்னேன், ஒரு போர்டு எழுதித் தொங்கவிடலாமே என்று. மாரியப்பன் பெயிண்ட் வாங்கி வந்தான். வாசகம் இவருடையது:

ஞாயிறு கடை விடுமுறை.
வீட்டில் எல்லோரும் சுகம்.

புரட்டாசி 13, ஞாயிறு

இரண்டு தூறல். மண் நனையவில்லை.

போர்டு வேலை செய்கிறது. ஒருத்தரும் வரவில்லை. மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் கொஞ்சத்தில் எழுந்து, "கடைக்குள்ள எலிச் சத்தம் கேக்கு. பாத்துட்டு வாரேன்" என்று உள்வாசல் வழியாகப் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். பனியனெல்லாம் மிளகாய் வத்தல் தூசி, நாலு தும்மல். எலி வத்தலா நிறுத்தது?

கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவர் உள்ளே இருந்த நேரம் வீடு அமைதியாக இருந்தது. நானும் காலை நீட்டினேன்.

புரட்டாசி 18, வெள்ளி

வாங்க: மண்ணெண்ணெய், பி.பி. மாத்திரை (தீர்ந்து மூன்று நாள்! எனக்குச் சொல்லவேயில்லை), சீயக்காய்.

தீபாவளி வருகிறது, பொட்டலம் மடித்து வைக்கவில்லை என்று புலம்பல். "ஞாயித்துக்கெழம படுத்துக் கெடந்தா எப்பிடிட்டி?" டாக்டரிடம் திங்கள் போகலாம் என்றேன். பார்ப்போம் என்றார்.

புரட்டாசி 22, செவ்வாய். திருநெல்வேலி, ஆஸ்பத்திரி

மருந்துச் சீட்டு வைத்த பைக்குள் இந்த நோட்டும் வந்துவிட்டது. வெளியே மழை. இன்றைக்குப் பார்த்து மழை.

ஞாயிற்றுக்கிழமையை எழுதிவிடுகிறேன்.

மதியம் சாப்பிட்டார். "எலிச் சத்தம்" என்றார். சரி என்றேன். பொட்டலம் மடிக்கப் போகிறார் என்று தெரிந்தேதான் விட்டேன். பாய் விரித்துப் படுத்தேன். நல்ல தூக்கம். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கின ஞாபகமில்லை.

விழித்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். வத்தல் மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவில் கிடந்தார். வாய் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. பொட்டலம் கட்டுகிற நூல்கண்டு உருண்டு ஷட்டர் வரைக்கும் போயிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாரோ. கடை திறந்திருந்தால் சாமான் வாங்க வந்த முதல் ஆளே பார்த்திருக்கும்.

ஷட்டருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல். யாரோ போர்டை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். வீட்டில். எல்லோரும். சுகம். பிறகு பேச்சியம்மாள்: "சொகந்தானாம். மகராசன் ஒறங்கட்டும், வாங்கட்டி போவோம்."

இரண்டு கையாலும் ஷட்டரை அடித்தேன். கத்தினேன். பூட்டு வெளிப்பக்கம். சாவி இவர் இடுப்பில்.

புரட்டாசி 24, வியாழன்

மழை விட்டபாடில்லை. ஊரில் விதைப்பு ஆரம்பித்திருப்பார்கள்.

வலது பக்கம் அசைவில்லை. பேச்சு வரவில்லை. பெரிய டாக்டர் வந்து பார்த்து, "நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இடது கை மட்டும் சும்மா இருப்பதில்லை. போர்வை ஓரத்தை மடிக்கிறது, விரலால் சுற்றுகிறது, மறுபடி மடிக்கிறது. பொட்டலம் கட்டுகிறார். கையைப் பிடித்து வைத்துக்கொண்டேன். என் கைக்குள்ளேயும் விரல் சுற்றியது.

நாலு நாளாகக் கண்ணை மூடப் பயமாக இருக்கிறது. தூங்கினால் ஏதாவது ஆகிவிடும்.

போன் பூத்திலிருந்து மாரியப்பனுக்குப் பேசினேன். அன்றைக்கு என் சத்தம் கேட்டு ஓடி வந்து, வண்டி பிடித்து இவரை இங்கே சேர்த்துவிட்டு ஊர் திரும்பியவன் அவன்தான். கடையைத் திறக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

"போர்டு அப்பிடியே தொங்குதுக்கா. அத என்ன செய்ய?"

"கழத்திரு."

"கழத்துனா ஊரே வந்துருமேக்கா."

வரட்டும் என்றேன்.