காரின் கண்ணாடி

ஞாயிறு, இரவு

வியர்வையில் நனைந்த பட்டுப்புடவை இன்னும் கொடியில் காய்கிறது.

கறவை மாடு இரண்டையும் விற்றுத்தான் என் வீட்டுக்காரர் அந்தப் பழைய காரை வாங்கினார். சொந்தக்காரர்கள் மத்தியில் பெரிய மனுஷனாகத் தெரிய வேண்டுமாம். தெருவுக்கே பால் ஊற்றிய வீட்டில் இப்போது பாக்கெட் பால்.

இன்று தொண்டூரில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். பெட்ரோல் செலவாகும் என்று ஏசி போடவில்லை. கண்ணாடியையும் இறக்க விடவில்லை.

"எறக்கனா ஏசி போடலன்னு தெரிஞ்சிடும். சும்மா குந்து" என்றார்.

உள்ளே வெந்தேன். திரும்பும்போது கோட்டை அடிவாரத்தில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. அப்போதும், "எறங்காத. யாராவது பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்றார்.

"காத்து வாங்கறேன்னு நெனைக்கட்டும்" என்று இறங்கினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெட்ரோல் பங்க் வரைக்கும் தள்ளினேன். பார்த்தவர்கள் நன்றாகப் பார்க்கட்டும்.

நாளைக்கு அந்தக் காரின் பின்சீட்டில் எங்கள் தோட்டத்துக் கத்தரிக்காய் மூட்டைகளை ஏற்றி அனந்தபுரம் சந்தைக்குப் போகிறேன். சொல்லிவிட்டேன், அவர்தான் ஓட்ட வேண்டும். என் பக்கத்துக் கண்ணாடி இறங்கியேதான் இருக்கும். வெட்கமாக இருந்தால் அவர் பக்கத்தை ஏற்றிக்கொள்ளட்டும்.