பிரிக்காத சீலும் நான் சொல்லாத முடிவும்

இன்று காலை பேக்கிங் செக்‌ஷனில் டப்பாக்களுக்கு பிளாஸ்டிக் உறை சுற்றிச் சீல் போடும் ஷ்ரிங்க் மெஷினுக்குள் பிளாஸ்டிக் தாள் சிக்கிக் கருகிவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் அந்த நாற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "என்னா சார், ஒடம்பு சரியில்லையா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். செத்துப்போன சிநேகிதன் உன் ஞாபகம் வந்துவிட்டது என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்ல? தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே வந்துவிட்டேன்.

நீ ஒசூர் பக்கத்துத் தளிக்காரன். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. நான் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். என் 'ஏலே'யை நீ கிண்டல் செய்வாய், உன் 'குரு'வையும் 'வந்துகினு போயிகினு'வையும் நான் கிண்டல் செய்வேன். இரண்டு பேரும் இதே பேக்கிங் வேலைக்கு ஒரே நாளில் சேர்ந்தோம். ஷிப்டு விட்டதும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஒசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த வீடியோ கேம் கடைக்கு ஓடுவோம். இரண்டு பைக், ஒரு மலைப்பாதை. உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். உச்சி கண்ணில் படுகிற நேரம் பார்த்து கடைக்காரர், "டைம் ஆச்சு, எந்திரிங்க" என்பார். "ஒரு நாளு முடிச்சே ஆவணும் குரு" என்பாய். அதற்குள் கடையையே மூடிவிட்டார்கள்.

அப்புறம் கல்யாணம், வாடகை வீடு, சொந்த வீடு. நாற்பதை நெருங்கும்போது உனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. கம்பெனி சுற்றிய பிளாஸ்டிக் சீல் பிரிக்காத பழைய கேம் டிஸ்குகளைத் தேடித் தேடிச் சேர்த்தாய். உன் மனைவி மஞ்சுளாவின் பட்டுப்புடவைகள் கீழ்த்தட்டுக்கு இறங்க, பீரோவின் மேல்தட்டில் அவை ஏறின. ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்ப்பாய். பின்பக்க ஒட்டு நேராக இருக்கிறதா, மூலை மடிப்பு சரியா என்று. "பேக்கிங்காரன்கிட்டயே கள்ள சீலு குடுப்பானா?" என்று சிரிப்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு பழைய மார்க்கெட்டிலிருந்து நம் பைக் ஆட்டத்தையே சீலோடு கொண்டுவந்தாய். எனக்குக் கை பரபரத்தது.

"பிரிலே, முடிச்சிருவோம்" என்றேன்.

"பிரிச்சா முடிஞ்சி போச்சி குரு. இப்ப பாரு, நாம மொதமொதல்ல பாத்த மாரியே இருக்குது."

"ஏலே, வெளையாடதுக்குத்தானல செஞ்சிருக்கான்? இது என்ன பூசைப் படமா?"

"உனக்குப் புரியாது. உட்டுடு."

அன்றிலிருந்து எந்தப் பேச்சு எடுத்தாலும் அங்கேதான் போய் முட்டிக்கொள்வோம். நீயும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் வாயை மூடவில்லை.

அந்த யுகாதிக்கு நீ குடும்பத்தோடு தளிக்குப் போனாய். துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாய். நான் துளசிக்கும் ஊற்றினேன், பீரோவையும் திறந்தேன். நம் பைக் ஆட்டத்தின் சீலைப் பிரித்தேன். இரண்டு சாயங்காலம் உன் பழைய கேம் மெஷினில் போட்டு ஆடினேன். உச்சிக்கும் போனேன். முடிவையும் பார்த்தேன். மூன்றாம் நாள் டிஸ்கை டப்பாவில் வைத்து, ஃபேக்டரிக்கு எடுத்துப்போய், ஷ்ரிங்க் மெஷினில் விட்டு, கண்ணாடிபோல சீல் போட்டேன். ஒட்டு நேர், மூலை சுத்தம். நீயே பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? மெஷினிலிருந்து வெளியே வரும் டப்பாவைப் பார்த்து, சரியாக இருந்தால் மூலையில் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பது நம் வேலை. என் கை அதைத் தானாகவே வைத்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

ஊரிலிருந்து வந்த அன்றைக்கே நீ பார்த்துவிட்டாய். "இது யாரு வெச்ச பொட்டுடா?" என்று மட்டும் கேட்டாய். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கேன்டீனில் வேறு மேஜைக்குப் போய்ச் சாப்பிட்டாய். பிறகு ஒரு நாள் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே டீக்கடையில், கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "முடிவு எப்டிடா இருக்குது?" என்றாய்.

எனக்கும் வீம்பு. "சீலுதான் போச்சே, பிரிச்சுப் பாத்துக்க" என்றேன்.

நீ சிரித்தாய். "அதுவும் ஃபேக்டரி சீலுதானே, நம்ம ஃபேக்டரி" என்றாய். மறுபடி கேட்கவில்லை. எப்படியும் ஒரு நாள் தாங்கமாட்டாமல் பிரிப்பாய் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

மஞ்சுளா சொல்லி, பழைய டிஸ்குகள் சேகரிக்கிற ஒருவர் உன் பெட்டிகளை வாங்க பெங்களூரிலிருந்து வந்தார். உன்னைப்போலவே டார்ச்சோடு வந்தார். பைக் ஆட்டத்தை எடுத்து, "இதென்ன பச்சைப் புள்ளி?" என்றார். கடைக்காரன் வைத்தது என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் ஒரு நாள் தெரிந்தால் உன் பெட்டிகள் எல்லாமே கள்ளம் என்று ஆகிவிடாதா? மஞ்சுளாவை வைத்துக்கொண்டே நான் செய்ததைச் சொன்னேன். அவர் அதை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றை வாங்கிக்கொண்டு போனார்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமாண்ணா?" என்றாள் மஞ்சுளா.

"தெரியும்மா."

"அப்ப செரி" என்றாள். அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்து, "பிரிங்க" என்றாள்.

அத்தனை வருஷம் பிரி பிரி என்று உன் உயிரை வாங்கியவன் நான். நகத்தை மூலையில் வைத்தேன், கை நகரவே இல்லை. மஞ்சுளா பிடுங்கி, பிஸ்கட் பாக்கெட்டைக் கிழிப்பதுபோலச் சர்ரென்று கிழித்தாள். டிஸ்கை கேம் மெஷினில் போடச் சொல்லி, உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். வளைவுக்கு வளைவு பள்ளத்தில் விழுந்தாள், "ஐயோ அண்ணா, நில்லுங்க" என்று கத்தினாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். நான் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று அவளை அழைத்துப்போனேன்.

உச்சியில் ஒன்றுமே இல்லையடா. ஒரு பெஞ்ச். இரண்டு பேரும் வண்டியை நிறுத்திவிட்டு அதில் உட்காருகிறார்கள். கீழே வந்த வழி தெரிகிறது. திரை கறுத்துவிடுகிறது.

"இவ்ளோதானாண்ணா?"

"இவ்ளோதாம்மா."

"இத பாக்காமயே போயிட்டாரே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களேண்ணா."

டீக்கடையில் நீ கேட்டாய் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.