எல்லாரும் மேலே வந்தாச்சா?

லிங்கராஜபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கைபேசியில் அந்தப் பழைய நீல நிறம் வந்து விழுந்தது. எப்போதோ மூடிப்போன, நீயும் நானும் புழங்கிய இணைய நட்புத் தளத்தை யாரோ வாங்கித் தூசி தட்டித் திறந்திருக்கிறார்கள். "உங்கள் பொன்னான நாட்கள் திரும்புகின்றன" என்று எழுதியிருந்தது. தங்கவயல் சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவனிடம் பொன்னைப் பற்றிச் சொல்கிறார்கள். பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சுரங்கம் மூடி நாம் பெங்களூருக்கு வந்த பிறகு, விவேக் நகர் பிரவுசிங் சென்டரில் பக்கத்து மேசைப் பிள்ளைகளின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் கற்றோம். எவனும் சொல்லித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை. அங்கே இங்கே சிதறிய தங்கவயல்காரர்களுக்காக நீ ஒரு குழு தொடங்கினாய். ஆடுகோடியில் வாட்ச்மேன் வேலைக்குப் போகுமுன் தினமும் மாலையில் ஒரே வரி எழுதுவாய். தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில், அதுவும் எல்லாம் பெரிய எழுத்தில்: எல்லாரும் மேலே வந்தாச்சா?

ஷிப்ட் முடிந்து, சுரங்கத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கூண்டு மேலே வந்ததும் நாம் கேட்டுக்கொண்ட கேள்வி அது. ஒருநாள் கீழேயே போய்விட்ட உன் அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"ஏன்டா பெரிய எழுத்துலயே அடிக்கற? கத்தற மாதிரி இருக்குன்றாங்க" என்று கேட்டேன்.

"மிஷின் சத்தத்துல கத்திக் கத்தியே பழகின வாய் மச்சான். கீழ மெதுவாப் பேசினவன் பேச்சு எவனுக்குக் கேட்டிருக்கு?"

துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் "வந்தாச்சு, வந்தாச்சு" என்று பதில் வரும். முதல் பதில் என்னுடையது. பிறகு நம் ஆட்களின் படித்த பிள்ளைகள் குழுவுக்குள் வந்தார்கள். "அங்கிள், லிப்ட் நின்னுடுச்சா?" என்றான் ஒருவன். "வாட்ச்மேன் அங்கிள், விசில் அடிச்சிக் கேளுங்க" என்றான் இன்னொருவன். "சுரங்கம் மூடி எத்தினி வருஷமாச்சு, இன்னுமா கீழயே இருக்கீங்க?" என்றான் மூன்றாமவன். அதற்குத்தான் சிரிப்பு அதிகம். நாளடைவில் "வந்தாச்சு" என்று எழுத என்னைத் தவிர ஆளில்லை.

திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. அந்தக் கோபம் எனக்கு இன்றும் உன்மேல் இருக்கிறது. குழுவை என் பேருக்கு மாற்றிவிட்டு, "போதும்டா மச்சான். மேல வந்தவங்க நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லி விலகிக்கொண்டாய். அதன் பிறகு சாகும்வரை கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

இப்போது அதே பிள்ளைகள் முடி நரைத்து என்னைத் தேடி அழைக்கிறார்கள். உரிமையாளன் நான் சம்மதித்தால் குழு முழுதாகத் திறக்குமாம், மறுத்தால் முழுதாக அழியுமாம். "அந்த நாள் மாதிரி வருமா அங்கிள்? எல்லாம் சும்மா ஜாலி. மனசுல வெச்சிக்காதீங்க" என்றான் அன்று லிப்ட் கேலி செய்தவன். வேறெங்கே வைத்துக்கொள்வதாம்?

அவர்களுக்கு அப்போதே முடியாது என்று சொல்லியிருப்பேன். உன் மகள் ஸ்டெல்லாதான் நேரில் வந்தாள். "அப்பா எழுதினது வேற எங்கயும் இல்ல பெரியப்பா. அது மட்டும்தான் இருக்கு" என்றாள். அது உண்மை. அவளுக்காகத் திறக்கலாம் என்றுகூட நினைத்தேன். முடிவு சொல்லுமுன் உரிமையாளன் மட்டும் பார்க்கலாமாம்; முதலில் நாம் படிப்போம் என்று அவளுடைய லேப்டாப்பிலேயே உட்கார்ந்தோம். உன் வரிகளைப் பார்த்து அவள் கண் கலங்கியது. திரையில் அப்படியே கீழே இறங்கி, "இன்னுமா கீழயே இருக்கீங்க" என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கேலி அப்படி. பெற்ற மகளையே சிரிக்க வைக்கும் என்றால் ஊரார் என்ன செய்வார்கள்? இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்தினேன். திரை வெள்ளையானது.

"நான் சிரிச்சதுக்காகவா பெரியப்பா?"

"ஆமா."

"எங்கப்பா எழுத்து அது. உங்களுது இல்ல."

"அந்தக் கேலிக்கு அடியில அது கிடக்க வேணாம்."

லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு பேசவில்லை. லிப்ட்காரனும் இன்னும் சிலரும் என்னைக் கிழட்டுப் பிடிவாதக்காரன் என்று எங்கெங்கோ எழுதுகிறார்களாம். எழுதட்டும். மறுபடி கேட்டாலும் அதே பொத்தானைத்தான் அழுத்துவேன்.

ஆனால் உன் வரியை நான் அழிக்கவில்லை. அதற்குத் தளமும் வேண்டாம், நீல நிறமும் வேண்டாம். தினமும் மாலையில் ஸ்டெல்லாவின் கைபேசிக்கு அதை அனுப்புகிறேன், உன்னைப் போலவே பெரிய எழுத்தில், கத்தி. அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கான நீலக் குறி உடனே விழுகிறது. பதில் இல்லை. கூண்டு வரத் தாமதமானால் நீ சுரங்க வாசலை விட்டு நகர்ந்ததில்லை. நானும் நகரப்போவதில்லை.