தாத்தாவின் துண்டு மறைத்த கார்

வியாழன், 9

மழை. மாடியில் காயப்போட்ட மிளகாய் மொத்தமும் நனைந்தது. பழி என் மேல். நியாயம்தான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், கையில் போட்டோ.

போட்டோ விவகாரம் இது: போன வாரம் என் மகள் காவ்யாவைப் பெண் பார்க்கச் சித்தூரிலிருந்து வந்தார்கள். பையன் தங்கம். பையனின் அப்பா பழைய கார் பைத்தியம். வீட்டுக் கொட்டகையில் ஒன்று வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறாராம். அவர் அதைச் சொன்னதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்க தாத்தாவும் கார் வெச்சிக்கினு இருந்தாரு. நகரிக்கே மொத கார். போட்டோ கீது."

மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏ மாடல் அண்டி?" எந்த மாடல் என்று தெலுங்கில்.

"பெரிய மாடல்," என்றேன்.

பஜ்ஜி வந்ததால் பிழைத்தேன். இன்று காலை மெசேஜ்: ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சித்தூர் போய்ப் பேசி முடிக்க வேண்டும், போட்டோவும் கூட வர வேண்டும். 'பாவகாரு' என்று விளித்திருக்கிறார். வெற்றிலை பாக்கு மாற்றும் முன்பே சம்பந்தி முறை.

என் மனைவி சுலோ: "சொந்தக் கார் பேரே தெரியலன்னா, பொண்ணு எம்.எஸ்சி. படிச்சதையும் நம்பமாட்டாங்க."

வாஸ்தவம். ஐந்து கல்யாணங்களில் அளந்திருக்கிறேன். ஒவ்வொரு பந்தியிலும் கார் ஒரு அடி நீண்டது. இரண்டு தறி வைத்து லுங்கி நெய்த தாத்தா கார் வாங்கியது எப்படி என்று ஒரு தடவைகூட என்னை நானே கேட்டதில்லை.

போட்டோவில் இருப்பவை: கருப்பு வெள்ளை. தாத்தா, இடுப்பில் கை. பக்கத்தில் கார். ஃபுட்போர்டில் மொட்டைத் தலையோடு நாலு வயசு நைனா, அதாவது என் அப்பா. தாத்தா தோளில் இருக்க வேண்டிய துண்டு காரின் மூக்கில் தொங்குகிறது. கம்பெனி முத்திரை இருக்கும் இடத்தில், மிகச் சரியாக. இருக்கிற இடமெல்லாம் விட்டு அங்கேதான் காயப்போட வேண்டுமா?

நைனாவிடம் கேட்டேன். எண்பது வயசு.

"நைனா, இது இன்னா காரு?"

"பச்சையும் செகப்பும்."

"கலர் இல்ல நைனா, காரு."

"கட்டம் போட்டது."

கட்டம் போட்ட கார்! மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன்.

வெள்ளி, 10

தூறல். குடை ஸ்கூலிலேயே கிடக்கிறது.

போட்டோவைக் காட்டி என்ன கார் என்று போனைக் கேட்டேன். குளியல் தொட்டி என்கிறது.

ஸ்டாஃப் ரூம் தீர்ப்பு: கணக்கு வாத்தியார், ஃபோர்டு. டிரில் மாஸ்டர், மோரிஸ். எச்.எம். மேடம், "அம்பாசடருக்குப் பொறந்த குட்டியா?" கிளார்க் என்ற முறையில் மூன்றையும் பதிவு செய்துகொண்டேன்.

டிரில் மாஸ்டர் ஒரு நல்ல காரியம் செய்தார். திருப்பதியில் ஒரு மெக்கானிக், முனிரத்தினம் என்று பெயர், பழைய வண்டி எதுவானாலும் சொல்லிவிடுவார் என்று விலாசம் கொடுத்தார்.

சுலோவிடம் சொன்னேன். "போய்ட்டு வா. அவரும் தொட்டின்னு சொன்னா அங்கயே முங்கிடு."

சனி, 11

மழை இல்லை. திருப்பதி. புத்தூர் தாண்டியதும் பஸ் நிறைய மொட்டைத் தலைகள், சந்தன வாசனை. ஜன்னலோரம் கிடைத்தது. அதற்கு மேல் ஒரு ஆண்டவன் என்ன செய்ய முடியும்?

முனிரத்தினம் கடை ஒரு சந்தில். எழுபது வயசிருக்கும். கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. பத்து நிமிஷம் போட்டோவையே பார்த்தார். நான் இருமினேன். "சும்மா இரு சார்," என்றார்.

பிறகு விரலால் தொடாமல், ஒரு குச்சியால் காட்டினார்.

"சக்கரத்த பாரு. போல்ட்டு மூணுதான். வண்டி ஒசரத்த பாரு, உங்க தாத்தா தோளோட கூரை முடிஞ்சிருச்சி. இப்ப துண்டு ஓரத்த பாரு."

பார்த்தேன். துண்டு.

"துண்டுக்கு அந்தப் பக்கம் சார்! பொட்டு மாதிரி நீட்டிக்கினு இருக்குதே, அது இறக்கை நுனி. இறக்கை வெச்ச முத்திரை, இத்தினூண்டு வண்டி. ஆஸ்டின். பேபி ஆஸ்டின்னு சொல்லுவாங்க."

அரிசி அளவு கூட இல்லை அந்த நுனி. இருபத்தைந்து வருஷம் அளந்தவன் கண்ணுக்குத் தெரியாதது, பத்து நிமிஷம் பார்த்தவன் கண்ணில் பட்டது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கேட்டதென்னவோ வேறு.

"பெரிய மாடல் இல்லீங்களா?"

"நாலு பேர் ஏறுனா ஒருத்தன் எறங்கித் தள்ளணும்."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே மறுபடி பார்த்தவர் முகம் மாறியது. "வண்டி சரி. மேல போட்டுருக்கற துணிக் கூரை கம்பெனிது இல்ல. எனக்குப் புரியல. பக்கத்துல சரளாவ கேளு."

சரளா, சீட் கவர் தைக்கிறவர். நாற்பது வயசு, வாயில் நாலு குண்டூசி. ஒரே பார்வை. குண்டூசிகளைத் துப்பினார்.

"அண்ணய்யா, இதி லுங்கீ கதா!"

"இன்னாது?"

"லுங்கி. கட்டம் தெரில? கரை ஓடுது பாருங்க. எங்க வீட்டுக்காரர் கட்டியிருக்கறதே இதுதான்." பிறகு சிரிப்பு நின்றது. போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ரெண்டு எடத்துல ஒட்டு. கட்டத்தோட கட்டம் சேர்ந்திருக்குது, ஒட்டே தெரில. நான் ரெக்சின்ல ஒரு கோடு சேர்க்க நாலு வாட்டி பிரிப்பேன். யாரு அண்ணய்யா தெச்சது?"

பச்சையும் சிவப்பும். கட்டம் போட்டது. அதற்குத்தான் நான் மாத்திரை கொடுத்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷம் பாதி, பயம் பாதி. கூரை தாத்தாவுடையது. கார்? நாளைக்குச் சொல்ல மூன்று தினுசு தயார்:
அ. கார் தாத்தாவுடையது, கூரை அவர் ஆசைக்கு.
ஆ. கார் பாதி தாத்தாவுடையது, கூட்டு.
இ. கார் தாத்தாவுடையது, நைனாவுக்கு மறதி.

இரண்டாவது கொஞ்சம் கௌரவமாகத் தெரிகிறது.

வீடு வந்து நைனாவிடம் கேட்கலாம் என்றால், தோசை தின்றுவிட்டுத் தூங்கிப் போயிருந்தார். நான் எடுத்து வைத்துப்போன மாத்திரை.

ஞாயிறு, 12

நல்ல வெயில். சித்தூர். நான், சுலோ, நைனா. சுலோ பட்டுப் புடவை, நான் இஸ்திரி, நைனா மட்டும் எப்போதும் போல வேட்டி, தோளில் துண்டு.

காபிக்கு முன்பே கொட்டகை. சம்பந்தி தார்பாயை உருவினார். பழைய இங்கிலீஷ் வண்டி, மேலே கூரை இல்லை, வெறும் கம்பிகள். மூக்கில் முத்திரை பளபள. தினமும் தானே துடைப்பாராம், பெண்டாட்டியைக்கூடத் தொட விடமாட்டாராம்.

போட்டோவை வாங்கினார். முகம் குழந்தை மாதிரி ஆனது. "ஆஸ்டின்! சின்ன ஆஸ்டின்! மீ தாத்தகாரிதா, பாவகாரு?"

இரண்டாவது தினுசுக்காக வாயைத் திறந்தேன்.

"அவர்து இல்ல," என்றார் நைனா. "புத்தூர் காண்ட்ராக்டர்து."

சுலோ பார்த்த பார்வையில் நனைந்த மிளகாய் காய்ந்திருக்கும். "அப்ப நீங்க சொன்னது..." என்று சம்பந்தி என் பக்கம் திரும்பினார். போச்சு, காவ்யா, போச்சு.

"பொய்ங்க," என்றேன். அப்படியே. வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "பொண்ணு மார்க்கு மட்டும் நெசம்."

நைனா யாரையும் பார்க்கவில்லை. போட்டோவோடுதான் பேசினார்.

"காண்ட்ராக்டர் வண்டி நகரில நின்னுபோச்சி. கூரை கிழிஞ்சி தொங்குது. உள்ள மாசமா இருந்த பொம்பள, நல்ல வெயிலு. தெக்கறதுக்கு முரட்டுத் துணி எங்கயும் இல்ல. எங்க நைனா தறில ஓடிக்கினு இருந்த பாவு நூல நடுவுல அறுத்து, நெய்ஞ்ச வரைக்கும் துணிய உருவுனாரு. ஓடற பாவ எவனும் அறுக்கமாட்டான். எங்கம்மா வாயில அடிச்சிக்கினா. உக்காந்து தெச்சி மாட்டிட்டாரு. கூலி இன்னான்னாரு காண்ட்ராக்டர். கூலி வாணாம், திருப்பதிக்கு இட்டுக்கினு போயி இந்த வண்டியோட ஒரு போட்டோ எடுன்னாரு."

"எடுத்தாரா?" சம்பந்தி.

"தோ கீதே. திரும்பி வர்றப்ப மழ. சாயம் எறங்கி காண்ட்ராக்டர் வெள்ளச் சட்ட செகப்பா பூட்ச்சி."

சம்பந்தி சிரித்தார். நான் சிரிக்க அனுமதி உண்டா என்று சுலோவைப் பார்த்தேன். இல்லை.

"ஏன் நைனா, இத்தன வருசமா சொல்லல?"

"எல்லாரும் இன்னா காரு, இன்னா காருன்னு கேட்டீங்க. கூரைய எவன் கேட்டான்? காரு நம்மளுதுன்னு நான் சொன்னனா? நீதான் ஊரெல்லாம் ஓட்டிக்கினு போன."

"அந்தத் துண்டு?" சம்பந்தி மெதுவாகக் கேட்டார். "முத்திரை மேல?"

"போட்டோக்காரன் எடுக்கப் போறான். எங்க நைனா 'இரு இரு'ன்னாரு. 'மூக்குல கம்பெனி பேரு பளபளன்னு இருந்தா எல்லாரும் அத்ததான் பாப்பான். அது யாரோ செஞ்சது. மேல கீறது நான் செஞ்சது'ன்னு துண்ட எடுத்து மாட்டுனாரு."

மூக்கைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்தேன். இரண்டு நாள் அந்தத் துண்டைத் திட்டித் தீர்த்தவன் நான்.

சம்பந்தி போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் வண்டியின் வெறும் கம்பிகளைப் பார்த்தார். கல்யாணத்தன்று பையன் இதில்தான் வர வேண்டுமாம். கூரை வேண்டும். பச்சை சிவப்புக் கட்டம் நகரியில் இப்போது நெய்கிறார்களா என்றார். பத்துத் தெருவிலும் என்றேன். இது பொய்யில்லை.

"சாயம் போகாத துணியா பாருங்க," என்றாள் சுலோ. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை. கல்யாணம் உறுதி என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

கம்பிகளை அளக்க டேப் எடுத்து வந்தார்கள். நைனா டேப்பை ஒதுக்கிவிட்டு முழம் போட்டார். பையன் போனில் ஒரு படம் எடுக்கிறேன் என்றான். "தாத்தா, வண்டி பக்கத்துல நில்லுங்க."

நைனா நின்றார். இடுப்பில் கை. "இரு இரு," என்றார். தோளில் இருந்த துண்டை எடுத்தார்.

சம்பந்தி தடுக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.