வீரம்மாள் சொன்ன ‘அது’

கீழச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்,
14-8-1964

சிரஞ்சீவி சடகோபனுக்கு அக்கா சகுந்தலா ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

உபய க்ஷேமம் என்று எழுதக் கை போகிறது, மனசுதான் ஒப்பவில்லை. குழந்தைக்கு ஜுரம் விட்டதா? பட்டணத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுக்காதே.

அத்திம்பேர் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். பஸ்ஸிலும் லாரியிலும் அடிபட்டவர்களின் கேஸ்களையே இத்தனை வருஷமாக நடத்துகிறார். ஊரில் ‘நொண்டி வக்கீல்’ என்று பெயர். அவர் கால் நன்றாகத்தான் இருக்கிறது, தேடி வருகிறவர்களுக்குத்தான் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பக்கம் வந்துவிடுங்கள் என்று நீ எழுதும்போதெல்லாம் சிரித்துவிட்டு மடித்து வைப்பார். இப்போது அந்தச் சிரிப்பும் இல்லை. வீரம்மாள் கேஸ் தோற்றதிலிருந்து, தட்டில் போட்ட சாதத்தைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தக் கேஸ் அப்பீலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நீதான் ஆஜராகிறாய் என்று நேற்றுத் தெரிந்தது. அதனால்தான், அவரிடம் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

கேஸ் கட்டு உன்னிடம் இருக்கும். இருந்தாலும் கேள். வீரம்மாளும் புருஷன் அம்மாசியும் காந்தி மார்க்கெட்டில் கைவண்டி ஓட்டியவர்கள். அவன் முன்னால் இழுப்பான், இவள் பின்னால் தள்ளுவாள். வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் வரும்போது திருவானைக்காவல் திருப்பத்தில் பஸ் மோதியது. அம்மாசி அங்கேயே போய்விட்டான். இவளுக்கு வலது கை போயிற்று. ஆஸ்பத்திரியில் அரை மயக்கத்தில் கிடந்தவளிடம் போலீஸ்காரர் கேட்டு எழுதிக்கொண்டு, இடது பெருவிரலை ஒற்றி வாங்கிப் போனார். ‘என் கணவர் தவறான பக்கமாக வந்தார், கைவண்டி நசுங்கிவிட்டது’ என்று அதில் இருக்கிறது. பஸ்தான் தப்பான பக்கம் வந்தது என்று கோர்ட்டில் அவள் சொன்னபோது, இது வக்கீல் சொல்லிக்கொடுத்த பேச்சு என்று ஜட்ஜ் தள்ளிவிட்டார். உன் அத்திம்பேரைத் தின்பது அந்த வார்த்தைதான்.

தீர்ப்புக்கு அப்புறம் வீரம்மாள் நம் அகத்துக்கு வந்தாள். ரேழியில் உட்கார்ந்து அழுதாள். “அது இருந்தா எனக்குக் கோர்ட்டு எதுக்குங்கம்மா? அது ஒரு நா கூட என்னை முன்னாடி இழுக்க விட்டதில்லைங்க” என்றாள். புருஷனை ‘அது’ என்கிறாளே என்று எனக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம்தான் பொறி தட்டியது. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாய், அப்படியே சொல் என்றேன்.

“அவங்கதான் தப்புப் பக்கமா வந்துட்டாங்க, அது நசுங்கிப் போச்சுன்னு சொன்னேங்க” என்றாள்.

அவங்க யார் என்று கேட்டேன். பஸ் டிரைவராம். “முன்னப் பின்ன தெரியாதவங்களை அவன் இவன்னு சொல்லலாங்களா?” என்று என்னையே கேட்கிறாள்.

போலீஸ்காரர் வீட்டில் புருஷனை ‘அவங்க’ என்பார்கள் போலிருக்கிறது. ‘அவங்க’ளைப் புருஷனாக்கி, ‘அது’வை வண்டியாக்கிவிட்டார். ஆசையாகச் சொன்னது வண்டியாயிற்று, கொன்றவனுக்குக் கொடுத்த மரியாதை செத்தவன் தலையில் விழுந்தது. உன் அத்திம்பேருக்கும் இது பிடிபடவில்லை. நம் அகத்தில் யார் புருஷனை ‘அது’ என்று சொன்னார்கள்? ஓடிப்போய்ச் சொன்னேன். “இதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னு கோர்ட்டில சொல்வா” என்றார், அவ்வளவுதான்.

நீ கம்பெனிக்கு உழைக்க வேண்டியவன், எனக்கும் தெரியும். உன் கட்சியைத் தோற்கடி என்று கேட்கவில்லை. வேறு எதை வேண்டுமானாலும் வாதாடு. அவள் வாயில் வராத வார்த்தையை மட்டும் அவளுக்கு எதிராக நீட்டாதே.

நானும் இந்தக் கடிதம் முழுக்க அவர், அத்திம்பேர் என்றுதான் எழுதியிருக்கிறேன். பெயரைச் சொல்லவே இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று உனக்கு ஒரு இடத்திலாவது சந்தேகம் வந்ததா?

ஒன்றே ஒன்று செய். கோர்ட்டுக்குப் போவதற்கு முன், ‘அது நசுங்கிப் போச்சு’ என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார். அதற்கு அப்புறமும் எழுந்து நின்று, அது கைவண்டிதான் என்று சொல்ல உனக்கு வாய் வந்தால், சொல்.

பெருமாள் உன் நாக்கில் நல்லதையே வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
சகுந்தலா